முன்கூட்டியே பதில் தெரிந்த கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கல்வியியல் கல்லூரி நூலகத்துக்குள் நுழைந்தால், ஒரு மூலையில் எம்.எட். ஆய்வேடுகள் அலமாரி நிறைய அடுக்கியிருக்கும். ரெக்சின் அட்டை, முதுகில் தங்க நிற எழுத்து. தலைப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் பத்துப் பதினைந்தோடு அலுத்துவிடும். இன்ன மாவட்ட மேல்நிலை மாணவர்களின் படிப்புப் பழக்கத்துக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு. இன்ன மாவட்ட உயர்நிலை மாணவர்களின் தன்னம்பிக்கைக்கும் கணித அடைவுக்கும் உள்ள தொடர்பு. மாவட்டத்தின் பெயர் மாறும், தன்னம்பிக்கை இருந்த இடத்தில் மன அழுத்தம் வரும், கணிதம் போய் அறிவியல் வரும். உள்ளே சில நூறு மாணவர்களிடம் கொடுத்து நிரப்பி வாங்கிய வினாப்படிவம், ஆண் - பெண், கிராமம் - நகரம், அரசு - தனியார் என்று பிரித்த அட்டவணைகள். கடைசி அத்தியாயத்தில், ஆசிரியர்கள் மாணவர்களை ஊக்குவிக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை.

கணக்கீடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோளாறு அதற்கு வெகு முன்னால், கேள்வியில் இருக்கிறது. ஒழுங்காகப் படிக்கும் பழக்கம் உள்ளவர் நல்ல மதிப்பெண் வாங்குவார் என்று கண்டுபிடிக்க முந்நூறு பேரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. முடிவு தலைகீழாக வந்தால் ஆய்வாளரே அதை நம்ப மாட்டார், வினாப்படிவத்தில் ஏதோ தப்பு என்று நினைப்பார். எந்தப் பதில் வந்தாலும் யாருடைய எண்ணமும் மாறாது என்றால் கேட்டதற்குப் பயன் என்ன? பழியை மாணவர் தலையில் மட்டும் போடுவதும் நியாயமில்லை. படிப்பு, கற்பித்தல் பயிற்சி, தேர்வு எல்லாவற்றுக்கும் நடுவே ஆய்வுக்குக் கிடைக்கும் மாதங்கள் கொஞ்சம். நெறியாளரிடம் ஏற்கெனவே தரப்படுத்திய வினாப்படிவம் ஒன்று தயாராக இருக்கிறது. கேள்விக்குக் கருவி தேடுவது போய், கருவிக்குக் கேள்வி தேடும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

கற்றல், கற்பித்தல் குறித்து உலகத்தில் கேட்கப்பட்ட நல்ல கேள்விகள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால், பலவற்றுக்கும் ஓர் ஒற்றுமை தெரிகிறது. கேட்டவர் முதலில் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வெகுநேரம் பார்த்திருக்கிறார்.

பிரேசிலின் ரெசிஃபே நகரம் அதற்கு நல்ல சாட்சி. அங்கே தெருமுனையிலும் சந்தையிலும் பெற்றோரோடு சேர்ந்து தேங்காய், தர்பூசணி, சோளம் விற்கும் பிள்ளைகள் பள்ளியில் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஏன் கணக்கு வரவில்லை என்பதுதான் ஊரே கேட்ட கேள்வி. டெரேசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று உளவியலாளர்கள் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இதே பிள்ளைகள் சந்தையில் மீதிச் சில்லறை தப்பாமல் கொடுக்கிறார்களே என்பது அவர்கள் கண்ணில் பட்டது. வாடிக்கையாளர்களாகப் போய் நின்றார்கள்.

ஒரு தேங்காய் 35 குரூசேரோ. நான்கு வேண்டும், எவ்வளவு? மூன்று தேங்காய் 105 என்பது விற்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதோடு முப்பது சேர்த்து 135 என்றது, ஒரு காய் 35 என்று தனக்குள் சொல்லிக்கொண்டது, 140 என்று முடித்தது. பிறகு இதே பிள்ளைகளைத் தாளும் பென்சிலுமாக உட்கார வைத்து, சந்தையில் அவர்கள் போட்ட கணக்குகளின் எண்களையே பள்ளிக் கணக்காகக் கொடுத்தார்கள். 35 பெருக்கல் 4. நாலஞ்சு இருபது, மேலே இரண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து, அதை நாலால் பெருக்கினால் இருபது. விடை 200 என்று எழுதியது பிள்ளை. மேலே வைத்த இரண்டைப் பெருக்கிய பிறகு கூட்ட வேண்டும், அது முன்னாலேயே கூட்டிவிட்டது. நாலு தேங்காய்க்கு 200 கேட்டால் வாங்க வந்தவர் சிரிப்பார் என்று அதற்குத் தெரியும். தாளில் இருப்பது தேங்காய் இல்லையே.

1985இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பேர், 9 முதல் 15 வயது வரை. சந்தையில் 98.2 சதவீதம் சரியான விடை, தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8 சதவீதம். ஐந்து பேரை மட்டும் வைத்து ஆய்வு செய்யப் போகிறேன் என்று நம்மூர் ஆய்வுக் குழு முன் ஒருவர் சொன்னால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒப்பீடு அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. பிள்ளை அதே, எண் அதே, இடம் மட்டும் வேறு. இரண்டு இடத்திலும் தோற்றிருக்கலாம், இரண்டிலும் வென்றிருக்கலாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் புதிதாக ஒன்று தெரியவந்திருக்கும். நாற்பது ஆண்டுக்குப் பிறகு, 2025இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் அடங்கிய குழு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இதே வகைக் கேள்வியைக் கேட்டு நேச்சர் இதழில் எழுதியது. அவர்கள் கூடுதலாக ஒன்றையும் பார்த்தார்கள்: சந்தை வேலை தெரியாத பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாளில் வந்த கணக்கு கடையில் தடுமாறியது. ஐந்து பேரிடம் தெரிந்தது அந்த ஐவரோடு நிற்கிறதா என்று கேட்கத்தான் பெரிய எண்ணிக்கை தேவைப்பட்டது.

இன்னொரு கேள்வி கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் பிறந்தது. முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றார்கள். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்களும் அதில் அடக்கம். யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், காரணம் என்ன என்று பேராசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, குடும்பத்தில் படிப்புக்கு ஆதரவில்லை, வருமானம் குறைவு. இந்த நான்கைச் சுற்றியே பதில்கள் வந்தன. நம்மூர் ஆசிரியர் ஓய்வறையில் கேட்டாலும் இதே நான்கும் இதே வரிசையில் வரும்.

டிரைஸ்மன் இந்த நான்கையும் அளந்து, அட்டவணை போட்டு, பட்டம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், இருபது கறுப்பின மாணவர்களையும் அதே பாடத்தில் நன்றாகத் தேறிக்கொண்டிருந்த இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் தேர்ந்துகொண்டு, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போனார். விடுதி அறை, நூலகம், வீடு என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார், காணொளியும் எடுத்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பாடுபட்டிருந்தன. ஊக்கத்துக்கும் குறைவில்லை. வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கறுப்பின மாணவர்கள் அதை அப்படியே கடைப்பிடித்து, வாரம் எட்டு மணி நேரம் படித்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்கள் எட்டு முதல் பத்து மணி நேரம் தனியாகப் படித்துவிட்டு, மாலையில் சாப்பாட்டோடு கூடி விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் வீட்டுப்பாடத்தை இன்னொருவர் திருத்தினார். எந்தக் கணக்கு எல்லாருக்கும் வரவில்லை, எது தனக்கு மட்டும் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாகப் படித்தவருக்கோ, முட்டிக்கொண்ட கணக்கெல்லாம் தன் அறிவுக் குறையாகத் தோன்றியது.

இந்தக் கண்டறிதலில் இருந்து வந்த பயிலரங்கு உதவி வகுப்பாக இல்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாக உழைக்கவைத்தார்கள். அதில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் ஏறியது, வேறு பல பல்கலைக்கழகங்களும் முறையை எடுத்துக்கொண்டன. இவர்களிடம் என்ன குறை என்று தொடங்கிய கேள்வி, இவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று திரும்பிய இடத்தில்தான் வழி திறந்தது. முதல் கேள்வியில் பதிலின் பாதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

சில கேள்விகள் இவ்வளவு உழைப்புகூடக் கேட்பதில்லை. தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் பதிவான நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்களைக் கேட்ட மேரி பட் ரோ, ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் வேறொருவரைக் கேட்பார், அல்லது தானே சொல்லிவிடுவார். மூன்று வினாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். 1970களின் இந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்பட்டது ஒரு நாடாப்பதிவுக் கருவியும் பொறுமையும்தான்.

அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியர்கள் தம் வகுப்பறையையே ஆய்வுக்களமாக எடுத்துக்கொள்ளும் இயக்கம் 1990இல் எர்னஸ்ட் பாயர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு வலுப்பெற்றது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ராண்டி பாஸ் 1999இல் ஒரு முரணைச் சுட்டினார். ஆய்வில் ஒருவருக்குத் தீராத சிக்கல் ஒன்று இருந்தால் அது பெருமை, சக ஆய்வாளர்கள் ஆவலாகக் கேட்பார்கள். கற்பித்தலில் சிக்கல் இருக்கிறது என்று சொன்னால் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோலப் பார்ப்பார்கள். அதே காலத்தில் பாட் ஹட்சிங்ஸ், இத்துறையில் எழும் கேள்விகளை வகைப்படுத்தினார். எது பலன் தருகிறது என்று கேட்பது ஒன்று, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்பது ஒன்று. இன்னும் எது சாத்தியம் என்று தேடுவதும், பார்த்ததை விளக்கும் கோட்பாட்டைக் கட்டுவதும் மற்ற இரண்டு. பெரும்பாலான ஆசிரியர்கள் முதலாவதில்தான் பாய்கிறார்கள். டிரைஸ்மனும் ரோவும் இரண்டாவதில் நின்று நிதானித்தவர்கள்.

எது பலன் தருகிறது என்ற கேள்வி தவறானது என்று பொருளில்லை. அரசு பணம் செலவழிக்கும்போது அதைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால் எதனோடு ஒப்பிட்டு என்பதைச் சேர்க்காவிட்டால் அது பொய் சொல்லும். கென்யாவின் மேற்குப் பகுதியில், பாடப் படங்களைப் பெரிய தாள்களில் அச்சிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டும் ஃபிளிப் சார்ட்டுகள் சில பள்ளிகளில் ஏற்கெனவே இருந்தன. அவை இருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் ஒப்பிட்டால், இருந்த பள்ளிகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்து நின்றது. பால் க்ளூவி, மைக்கேல் கிரெமர் முதலிய ஆய்வாளர்கள் அதோடு விடாமல், 178 பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து 89 பள்ளிகளுக்கு மட்டும் சார்ட்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் காணாமலே போனது. சார்ட் வாங்கி மாட்டும் அளவுக்கு அக்கறையுள்ள தலைமை ஆசிரியர் இருந்த பள்ளிகள் எப்படியும் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தன என்பதே நம்பத்தகுந்த விளக்கம்.

யாருக்கு என்பதும் விட்டுப்போகக்கூடாத சொல். அதே கென்யாவில் பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கொடுத்தபோது சராசரி மதிப்பெண் அசையவில்லை. ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் புத்தகம் வீண் என்று எழுதியிருப்பார்கள். பிரித்துப் பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் பலன் இருந்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி.

ஆசிரியர் பயிற்சியில் இன்றும் ஓயாமல் ஒலிக்கும் ஒரு நம்பிக்கையும் கேள்வியின் வடிவத்தில்தான் விழுந்தது. சிலர் பார்த்துக் கற்பார்கள், சிலர் கேட்டுக் கற்பார்கள், அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும் என்பது அது. ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் கேட்டது எளிமையானது: இதை நிரூபிக்க எப்படிப்பட்ட சோதனை வேண்டும்? இரு வகையினரையும் இரு முறையிலும் கற்பித்து, பார்ப்பவருக்குப் படமும் கேட்பவருக்குப் பேச்சும் குறுக்கே மாறி உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுதிக் குவிந்திருந்த ஆய்வுகளில் அப்படிச் செய்தவை மிகக் கொஞ்சம், அவற்றிலும் பல அந்த நம்பிக்கைக்கு எதிராகவே இருந்தன.

தமிழ்நாட்டிலேயே அண்மையில் ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. கொரோனாவால் தொடக்கப் பள்ளிகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்தன. 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தெருவிலும் கோயில் திண்ணையிலும் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தினார்கள். திட்டம் பலன் தந்ததா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். மையத்துக்கு வந்த பிள்ளைகளைத் தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் சோதித்திருந்தால் பெரிய முன்னேற்றம் தெரிந்திருக்கும், திட்டத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் வேறு விதமாகப் பிரித்தார்கள். நான்கு மாவட்டங்களில் 2019இலேயே திரட்டிய தரவு அவர்களிடம் இருந்தது. சுமார் 19,000 பிள்ளைகளை அதே வீடுகளில் பின்தொடர்ந்து, எவ்வளவு இழப்பு, அதில் எவ்வளவு மீண்டது, மீண்டதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று மூன்றாகக் கேட்டார்கள். இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, 24 சதவீதம், இல்லம் தேடிக் கல்விக்கு உரியது. மீதி, பெரும்பாலும் பள்ளிக்குத் திரும்பியதால் வந்தது. குறைந்த செலவில் கால் பங்கு என்பது சின்ன விஷயமில்லை. முழுப் பங்கும் திட்டத்தாலேயே என்று சொல்வதற்கும் இதற்கும் இடையே உள்ள தூரம்தான் கேள்வியைச் சரியாக வெட்டியதன் லாபம்.

சரி, நான்கு மாவட்டமும் ஆய்வுக் குழுவும் இல்லாத ஓர் ஆசிரியர் என்ன செய்ய முடியும்?

பி.எட். படிப்பிலும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் செயலாராய்ச்சி என்று ஒன்று செய்கிறார்கள். விளையாட்டு முறையில் கழித்தல் திறனை மேம்படுத்துதல் என்பதுபோலத் தலைப்பு இருக்கும். முன்தேர்வு வைத்து, இரண்டு வாரம் விளையாட்டு நடத்தி, பின்தேர்வு வைத்தால் சராசரி ஏறும். ஏறாமல் என்ன செய்யும்? இரண்டு வாரம் கழித்தலையே செய்த பிள்ளைக்கு எந்த முறையில் செய்தாலும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

இதே ஆசிரியர் விளையாட்டை ஒத்திவைத்துவிட்டு, திருத்திய நோட்டுகளை எடுத்துத் தவறான விடைகளை மட்டும் பார்க்கலாம். 52இல் 27 போக 35 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. 81இல் 46 போக 45. ஆனால் 68இல் 23 போக 45 என்பது சரி. அலட்சியமாகப் போட்டதாகத் தோன்றும். தோன்றுவது அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு ஒரு விதி இருக்கிறது, அதை அது தவறாமல் பின்பற்றுகிறது: மேலே கீழே எது இருந்தாலும் பெரிய இலக்கத்தில் இருந்து சின்னதைக் கழி. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கில் அந்த விதி சரியாக வந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. பக்கத்துப் பிள்ளை 50இல் 27 போக 30 என்று எழுதியிருந்தால் அது வேறு விதி; பூஜ்யத்தில் இருந்து ஒன்றும் எடுக்க முடியாது, அதனால் பூஜ்யம். ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் இந்த மாதிரித் தவறான விதிகளைக் கணினி உதவியோடு பட்டியல் போட்டுக் காட்டினார்கள்.

இப்போது கேள்வி தானாகக் கூர்மையாகிறது. முதலில், நாற்பது பேரில் எத்தனை பேர் முதல் விதிக்காரர், எத்தனை பேர் இரண்டாம் விதிக்காரர்? இதற்கு முறை எதையும் புதிதாகப் புகுத்த வேண்டாம், பொறுமையாக எண்ணினால் போதும், அதுவே ஓர் ஆய்வு. அடுத்து, முதல் விதிக்காரரில் பாதிப் பேருக்குப் பத்துக் குச்சிகளைக் கட்டி, அந்தக் கட்டை அவிழ்த்து ஒன்றுகளாக்கிக் கழிக்கவைத்தும், மீதிப் பேருக்குக் கடன் வாங்கும் படிகளை மறுபடி விளக்கியும், மூன்று வாரம் கழித்து யாரிடம் பழைய விதி திரும்பி வருகிறது? யாருக்கு, எதனோடு ஒப்பிட்டு, எப்போது அளந்து என்று எல்லாம் இதில் இருக்கிறது. குச்சிக் கட்டு தோற்கவும் இடம் இருக்கிறது. அது தோற்றால் ஆசிரியருக்கு இன்னும் பெரிய செய்தி. பயன் தெரிந்த முறை மூன்று வாரத்துக்குப் பிறகு மற்றப் பாதிக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பிள்ளைகள் ஆய்வேட்டுக்காகப் பள்ளிக்கு வரவில்லை.

கேள்வியைச் சுருக்கச் சுருக்க அது அற்பமாகிவிடாதா என்று ஒரு கவலை உண்டு. தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்பது போன்ற பெரிய கேள்விகளை யார் கேட்பது? கேட்கத்தான் வேண்டும், ஆனால் அதையும் வெட்டித்தான் கேட்க முடியும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2008இல் குலுக்கல் முறையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குத் தனியார் பள்ளியில் படிக்கப் பணச்சீட்டு கொடுத்து நான்கு ஆண்டு பின்தொடர்ந்தார்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். தெலுங்கிலும் கணிதத்திலும் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் தனியார் பள்ளியால் பயனில்லை என்றாகியிருக்கும். கால அட்டவணையைப் பார்த்தபோது தனியார் பள்ளிகள் அந்த இரண்டு பாடங்களுக்கும் குறைந்த நேரமே ஒதுக்கியிருந்தது தெரிந்தது, மிச்சப்பட்ட நேரத்தில் இந்தி முதலியவற்றை நடத்தியிருந்தார்கள். இந்தியில் மதிப்பெண் ஏறியிருந்தது. ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவோ அரசுப் பள்ளியைவிட மிகக் குறைவு. எந்தப் பாடத்தை அளப்பது என்பதில் பாதி முடிவு அடங்கியிருந்தது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13இல் தொடங்கிப் பரவின. ஒரே வளாகம், ஒரே தலைமை ஆசிரியர், பல இடங்களில் அதே ஆசிரியர்களே இரண்டு பிரிவுக்கும். நேராக ஒப்பிட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் எந்தப் பெற்றோர் எந்தப் பிரிவைத் தேர்ந்தார்கள் என்பது கென்ய சார்ட்டுகளின் கதையேதான். அறிவியலைத் தமிழில் கேட்டுச் சோதிப்பதா, ஆங்கிலத்திலா, பிள்ளை விரும்பும் மொழியிலா என்பதை ஆய்வாளர் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் அந்த முடிவுக்கு ஏற்ப வெற்றி பெறும் பிரிவு மாறக்கூடும். அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2024இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டார்கள். அவர்களுடைய சேர்க்கைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் பள்ளி அலுவலகங்களில் இருக்கின்றன. அடுத்த எம்.எட். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர், ஒரே ஒரு பள்ளியின் பதிவேட்டை வாங்கி, இடையில் ஆங்கிலவழியில் இருந்து தமிழ்வழிக்கு மாறிய பிள்ளைகள் எந்த வகுப்பில் மாறினார்கள் என்று எண்ணுவதில் இருந்து தொடங்கலாம்.